புதன்கிழமை, பத்து முதல் பதினொன்று

கதவை ரெஜினா முழுதாகச் சாத்தவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறாள். அதன் வழியாக வெளியறையில் அவளுடைய மேசையின் ஓரமும் அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டியும் தெரிகின்றன. இந்த ஐஸ் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்ததன் சாமான்கள் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. இன்று அவளுக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை கொச்சியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்கிறாள். போகும்போது என்ன வேண்டும் என்று நேற்றுக் கேட்டேன். கைக்கடிகாரம், புடவை என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் வேண்டும் என்றாள், புதன்கிழமை பத்து மணி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும் சார் என்றாள். இருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்தில் அவள் செய்த ஏற்பாடு அது. மற்ற நேரமெல்லாம் இன்றைய ஐஸ், இன்றைய படகு, இன்றைய கரண்ட். புதன் பத்து முதல் பதினொன்று மட்டும் வரப்போகிற வருஷங்களுக்கு. கம்பெனியின் திட்டங்களைப் பார்க்கவென்றே அவளை எடுத்தேன், நானே விளம்பரம் கொடுத்து, நானே நேர்முகம் பார்த்து. மூன்று வருஷத்தில் நூற்றைம்பது புதன்கிழமைகள் வந்துபோயிருக்கும். நாங்கள் எதிரெதிரே முழு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவை நான்கு. அதில் ஒன்று மின்சாரம் தடைப்பட்ட நாள், செய்ய வேறு வேலை இல்லை. இன்று அவள் என் எதிரே உட்காரவும் இல்லை. என் போனை வாங்கித் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டாள். கீழே எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகவும் பதினொன்று வரை யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றும் சொன்னாள். மேசைமேல் மனைக்கான விண்ணப்பத்தைத் திறந்து வைத்துவிட்டு, "நான் உள்ள வர மாட்டேன் சார். நீங்க மட்டும் யோசிங்க. ஒரே ஒரு நம்பர்தான்," என்றாள். அந்த எண்ணுக்கான கட்டம் என் முன்னால் காலியாக இருக்கிறது. பதினைந்தாவது ஆண்டில் எதிர்பார்க்கும் நாள் உற்பத்தி, டன்னில். விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுத வேண்டும். அதன் கீழே ஒரு கையெழுத்து, அடுத்த பக்கங்களில் இரண்டு. அவ்வளவுதான் மிச்சம். மூன்று மணிக்குள் இது புதுப் படகுத்துறையிலுள்ள அலுவலகத்தில் சேர வேண்டும், ஒன்றரை மணி நேரப் பாதை, பதினொன்றரைக்கு வேன் கிளம்பும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகும்போது புதுத் துறையிலிருந்துதான் போகும். இந்தப் பழைய துறையில் நாட்டுப்படகுகள் மட்டும் நிற்கும். அங்கே இடம் இல்லாத ஐஸ் கம்பெனி யாருக்கும் ஐஸ் உறைய வைக்க வேண்டியதில்லை. அங்கே மிச்சம் இருப்பது ஒரே ஒரு மனை, யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது, கடைசி வரிசையில், உப்பளத்தை ஒட்டி. நாற்பத்து மூன்று பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

இப்போது நாளைக்கு முப்பது டன் எடுக்கிறோம். பதினைந்து வருஷத்தில் அது என்னவாகும். முப்பதை இரண்டால் பெருக்கினால் அறுபது, ஆனால் ஏன் இரண்டால் பெருக்க வேண்டும், கடலில் மீன் இரண்டால் பெருகுகிறதா என்ன. படகுகள் குறைகின்றன என்கிறார்கள். குறைந்தால் இருபது என்று எழுதலாம். இருபது என்று எழுதுகிறவனுக்கு எதற்கு மனை என்று அங்கே இருக்கிற அதிகாரி கேட்பார். பதினைந்து வருஷத்தில் எனக்கு எழுபத்து மூன்று வயதாகும். அந்தக் கணக்கு மட்டும் உடனே வந்துவிட்டது. எழுபத்து மூன்றில் நான் இருப்பேனா, இருந்தால் இந்த இரும்புப் படியில் இறங்க முடியுமா, பெங்களூரில் இருக்கிற மகள் ஐஸைப் பார்ப்பது ஜூஸ் டம்ளருக்குள் மட்டும்தான். பேனாவைத் திறந்தேன், மூடினேன். இந்த அறை இயந்திர அறைக்கு நேர் மேலே இருக்கிறது, கட்டும்போதே அப்படிக் கேட்டுத்தான் கட்டினேன், இன்ஜினியர் வேண்டாம் என்றார், அதிர்வு சுவர்களுக்கு ஆகாது என்றார், எனக்கு அது வேண்டும் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாதம் பட உட்கார்ந்தால் கம்ப்ரசர்களின் ஓட்டம் உள்ளங்காலில் தெரியும். ஒன்றாம் நம்பர் கொஞ்சம் கனம், இரண்டாம் நம்பர் சீர், மூன்றாம் நம்பர் எப்போதும் ஒரு அடி பிந்தியது போல. இப்போது கழற்றினேன். மூன்றும் ஓடுகின்றன. நன்றாக ஓடுகின்றன. பக்கத்துக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டிமேல் கிரேன் நகர்கிற சத்தம், ஒரு வரிசை ஐஸ் டப்பாக்களை மேலே தூக்குகிற சங்கிலி, வெந்நீரில் முங்கி எழுந்து கவிழும்போது கட்டிகள் சரிகிற அந்த நீண்ட வழுக்கல். ஒவ்வொன்றும் அது அது வர வேண்டிய இடத்தில் வருகிறது. எங்கேயும் தடங்கல் இல்லை. நான் எதற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எண்ணுக்காக உட்கார்ந்திருக்கிறேன், எண்ணை யோசிக்க வேண்டும். கட்டி ஐஸ் மட்டுமா, ஃபிளேக் ஐஸ் இயந்திரமும் போடுவதா, மெல்லிய செதில்களாக இறங்குகிற அந்த ஐஸ் மீனைக் கீறுவதில்லை என்று ரெஜினா பதினெட்டுப் பக்கம் எழுதித் தந்திருக்கிறாள், முதல் ஆறு பக்கம் படித்தேன், ஏழாம் பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டது, எதற்கு என்று இப்போது நினைவில்லை. எழுந்து போனது மட்டும் நினைவிருக்கிறது, படி இறங்கும்போது உடம்பு லேசாக இருந்ததும். என் மனைவி மெற்றில்டா சொல்வாள். கல்யாணமான புதிதில் கொடைக்கானலுக்குப் போனோம், லாட்ஜ் அறையில் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மேனேஜரிடம் ஸ்பேனர் கேட்டு வாங்கி ஒரு காலைப் பொழுது முழுக்க அதைப் பார்த்தேன், ஏரிக்கு மறுநாள்தான் போனோம், மறுநாள் மழை. உங்களுக்குப் பொண்டாட்டி வேண்டாம், ஒழுகுத குழாய் ஒண்ணு போதும் என்று அவள் முப்பது வருஷமாக விருந்தாளிகளிடம் சொல்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. முதலாளி என்றால் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவன் அல்ல என்று மற்ற ஐஸ் கம்பெனிக்காரர்களுக்கு என்னைக் காட்டிப் பேசுவார்கள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மற்ற ஏழு பேருக்கும் புதுத் துறையில் முதல் வரிசையில் மனை இருக்கிறது.

அங்கேதான் வந்து நிற்கிறது. எங்கே சுற்றினாலும் ஐந்து வருஷத்துக்கு முந்தைய தை மாதத்தில் அந்த நாளில் வந்து நிற்கிறது. முதல் வரிசையில் எட்டு மனைகள், படகு அணையும் சுவருக்கு அறுபது அடிக்குள், ஐஸை நேராகப் படகுக்குள் குழாயில் ஊதிவிடலாம். எட்டுக் கம்பெனிகள், எட்டு மனைகள், போட்டிகூட இல்லை. உரிமையாளர் நேரில் வந்து மூன்று மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் நிபந்தனை. காலையில் குளித்து இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கார் வாசலில் நின்றது. பத்து மணிக்குக் கீழேயிருந்து ஆள் வந்து, உப்புநீரைக் கலக்குகிற விசிறி நின்றுவிட்டது, பேரிங் போய்விட்டது என்றான். விசிறி நின்றால் தொட்டியில் குளிர் ஒரே சீராகப் பரவாது, ஒரு பக்கம் உறையும், மறுபக்கம் நடுவில் தண்ணீர் நிற்கிற கட்டியாக வரும். முப்பத்திரண்டு படகுகள் அன்று சாயங்காலம் ஐஸ் கேட்டிருந்தன. நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இதைத்தான் ஐந்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். மெற்றில்டாவிடம், பேங்க் மேனேஜரிடம், நேர்முகத்தின்போது ரெஜினாவிடம். முப்பத்திரண்டு படகா, மனையா, நான் படகைப் பார்த்தேன் என்று சொல்வேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு பேரிங் மாற்ற நாற்பது நிமிஷம் போதும். ஆபரேட்டர் பிச்சையா அன்றைக்கும் இருந்தார், எனக்கு ஈடாக அல்ல, என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இருந்தார். அவரிடம் விட்டுவிட்டு வண்டியில் ஏறியிருக்கலாம். பேரிங் பதினோரு மணிக்கு மாட்டியாகிவிட்டது. அப்போதும் ஏறியிருக்கலாம். இவ்வளவு தூரம் பிரித்தாயிற்று, தண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றேன். பார்த்தோம், நேராக இருந்தது. பெல்ட்டையும் மாற்றிவிடலாம் என்றேன். அடித்தளத்து போல்ட்டுகளைத் துருவெடுத்து மறுபடியும் இறுக்கினோம். ஒரு மணிக்கு டிரைவர் வந்து வாசலில் நின்று தொண்டையைச் செருமியதும், நான் திரும்பாமல் பத்து நிமிஷம் என்றதும் நினைவிருக்கிறது. ஒன்றரை மணி தாண்டி, இனிப் போனால் பிரயோசனமில்லை என்று ஆனபோது எனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்சிலிருந்து ஒன்று இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. அந்த அலுவலகத்தின் நாற்காலி, அதிகாரியின் கேள்வி, இன்னும் இல்லாத ஒரு கட்டடத்துக்காகக் கையெழுத்துப் போடுவது, எதுவும் இனி இல்லை. கையெல்லாம் கிரீஸ். டீ வந்தது. அந்த டீயைப் போல ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

அப்பா விஷயத்திலும் அப்படித்தான். அதை இதோடு சேர்க்க வேண்டியதில்லை, ஆனால் சேர்ந்துதான் வருகிறது. ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசிச் சாயங்காலம், டாக்டர் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். செய்ய ஒன்றுமில்லை, உட்காருங்கள், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். அவர் கை என் கைக்குள் இருந்தது, ஈரமாக, வலை இழுத்துக் காய்த்துப்போன கை. கால் மணி நேரம் இருக்கும். பின்னால் ஜெனரேட்டர் விட்டு விட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. டீசல் பில்டரில் அடைப்பு, கேட்டதுமே தெரிந்தது. மெற்றில்டாவிடம் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அடைப்பை எடுத்துக் கொடுத்தேன், அங்கிருந்த ஆள் சார் நீங்க இன்ஜினியரா என்று கேட்டான், இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். திரும்பி வந்தபோது மெற்றில்டா வாசலில் நின்றாள். அவள் கேலி செய்யாத குழாய் அது ஒன்றுதான். மணி பத்து முப்பத்தைந்து. கட்டம் காலி. யாரும் கூப்பிடவில்லை. வெளியறையில் ரெஜினா எதையோ கிழிக்கிற சத்தம், பழைய காகிதங்களாக இருக்கும், பதினெட்டுப் பக்கத்தின் இன்னொரு பிரதியாகவும் இருக்கலாம். இந்தப் பெண்ணிடம் நான் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாப் புதன்கிழமையும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்மா என்று அன்பாகத்தான் சொன்னேன். அன்பாகவே நூற்று நாற்பத்தாறு தடவை. அவளுக்கு முப்பத்தொரு வயது. இருபத்தெட்டில் வந்தாள், வந்த புதிதில் படகுக்காரர்களோடு உட்கார்ந்து எத்தனை நாள் கடலில் தங்குகிறீர்கள், எத்தனை பாகம் ஆழத்தில் வலை போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதினாள், அவர்கள் டீச்சர் வந்துட்டாங்க என்று கேலி செய்தார்கள், பிறகு அவளுக்காக இறால் கொண்டுவந்து கொடுத்தார்கள். போன வருஷத்திலிருந்து அவள் துறைப் பக்கம் போவதில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தேன், கேட்கவில்லை. இப்போது எழுந்து போய் அவளிடம் இரு என்று சொல்லலாம். எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்டால் இந்தக் கட்டத்தைக் காட்ட வேண்டும். முப்பது. நாற்பது. எண்பது. எந்த எண்ணைப் போட்டாலும் அது என்னைத் திரும்பிப் பார்க்கிறது. உள்ளங்காலை மறுபடியும் தரையில் அழுத்தினேன். இரண்டாம் நம்பரில் ஒரு தட்டல் இருக்கிறதோ. இருக்கிறது போலத்தான். லேசாக. ஒரு கம்ப்ரசர் தட்டுகிறபோது முதலாளி மேலே உட்கார்ந்து எண் யோசிப்பது பொறுப்பில்லாத வேலை. அறையின் பின்கதவு நேராக இரும்புப் படிக்குத் திறக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில், என் சொந்தக் கம்பெனியில், பள்ளிக்கூடத்திலிருந்து நழுவுகிறவன் போலப் படியிறங்கினேன்.

பிச்சையா ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக இங்கே ஆபரேட்டர். நான் உள்ளே வரும்போது அவர் எப்போதும் ஏதாவது ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார், உட்கார்ந்து பேப்பர் படித்து இன்றுதான் பார்க்கிறேன். எழுந்து, மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டார். இரண்டாம் நம்பரில் தட்டல் கேட்கிறது என்றேன். அவர் நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். என்னிடம் கொடுத்தார். நானும் கேட்டேன். ரத்தம் ஓடுவது போல ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தட்டலும் இல்லை. இருந்தாலும் நிறுத்தி ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமே என்றேன். அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. எனக்குப் பிடிபடவில்லை, ஏனென்றால் அது என்மேல் உள்ள பயம் இல்லை, இயந்திரத்துக்காக வந்த பயம்.

"நல்லா ஓடுததத் தொறக்க வேண்டாம் முதலாளி," என்றார்.

"அப்ப வேற எங்க பிரச்சின?"

"இன்னைக்கு ஒண்ணும் வைக்கல."

சொல்லிவிட்டுப் பேப்பரை மறு அக்குளுக்கு மாற்றினார். வைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, தரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு நல்ல சீசனில் நான் வேலை ஒன்றும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்த ஒன்றாம் நம்பரைப் பிரித்து, அது மறுபடியும் சேர இரண்டு நாளானது. எனக்கும் நினைவிருக்கிறது, பிரித்தது நல்லதாகப் போயிற்று என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலாளிக்குத் தினம் ஒன்று எடுத்து வைப்பது. கால் மணி நேரத்தில் தாங்களே சரிசெய்யக்கூடிய ஏதாவது ஒரு சின்னப் பழுதை, கம்ப்ரசரிலிருந்து தள்ளி, அப்படியே விட்டுவைப்பது. தளர்ந்த பெல்ட், சிக்குகிற சங்கிலி, பிடிக்காத வால்வு. சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது நாளைக்கு முதலாளிக்கு என்ன என்று கேட்டுக்கொள்வார்களாம். பழுதே கிடைக்காத நாளில் ஒரு நட்டைத் தளர்த்தியும் வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு அது ஒரு சந்தோசம், எங்களுக்கு மிஷின் பொழைக்கும்," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். ரெஜினா வந்த வருஷமே கண்டுபிடித்துச் சண்டை போட்டாளாம். நேற்றுச் சாயங்காலம் இறங்கி வந்து, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஒன்றும் வைக்காதீர்கள் என்று கெஞ்சினாளாம். அந்தப் பிள்ள அழுதுருமோன்னு இருந்துது என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்தோடு ஏதாவது செய்யலாம். பதினொரு வருஷத்து மாட்டல்களும் முறுக்கல்களும் கைவிரல்களில் கூசின. குனிந்து எழுந்து, சரியாயிட்டுப்பா என்று நான் சொன்னபோதெல்லாம் அவர்கள் சுற்றி நின்ற நிற்பு. அந்த முகங்களில் நான் மரியாதை என்று பார்த்தது. கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியுமா என்று ஒரு நொடி பார்த்தேன்.

"அந்தத் தை மாசம். விசிறி பேரிங்."

மூன்றாம் நம்பர் ஒரு அடி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அது சத்தம் போட ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆயிருந்துது. புது பேரிங் ஸ்டோர்ல வந்து கெடந்துது. பெரிய வேல, முதலாளிக்கு இருக்கட்டும்னு விட்டோம். அன்னைக்கு என்ன நாளுன்னு எங்களுக்குத் தெரியாது முதலாளி. சத்தியமாத் தெரியாது."

தெரியாது. எனக்குத்தான் தெரியும். அவர்கள் ஒரு பேரிங்கை வைத்தார்கள். தண்டையும் பெல்ட்டையும் துருப்பிடித்த போல்ட்டுகளையும் நானே எடுத்துக்கொண்டேன். பேரிங் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது, கடைக்கு யாரும் போகவில்லையே என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி மெற்றில்டாவிடம் முப்பத்திரண்டு படகு என்று சொல்ல முடியாது. எழுபத்து மூன்று வயதில்கூட, இருந்தால், சொல்ல முடியாது. மேலே போக வேண்டும், பதினேழு படி, என்று நினைத்தேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, பிச்சையா இரண்டு தடவை பார்த்தார். பிறகு தண்ணீர் பம்புப் பக்கம் போய்க் குனிந்தார். பம்பின் தண்டு வெளியே வருகிற இடத்தில் கயிறு சுற்றி ஒரு பட்டையால் இறுக்கியிருப்போம். அதன் நட்டில் ஸ்பேனரை வைத்து, இடது பக்கம் அரைத் திருப்புத் திருப்பினார். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாக விழ ஆரம்பித்தது.

"இதக் கொஞ்சம் பாக்கீயளா முதலாளி," என்று ஸ்பேனரை நீட்டினார்.

சின்னப்பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது போல என்று தோன்றியது. தோன்றிய பிறகும் வாங்கிக்கொண்டேன். ஈரத்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் மணிக்கட்டில் வழிய, நட்டைப் பிடித்ததும் மூச்சு சீரானது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதில் ஒரேயடியாக முறுக்கக் கூடாது, கயிறு கருகிவிடும், கொஞ்சம் சொட்ட விட வேண்டும். கால் திருப்பு, பார்த்து, மறுபடியும் கால் திருப்பு. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. ரெஜினா. ஒரு கையில் ஃபைல், மறுகையில் பேனா. மணி பதினொன்று ஆகியிருக்கும். எழுந்திருக்கப் போனேன், எழாதீர்கள் என்பது போலக் கையைக் காட்டினாள். பிச்சையாவைப் பார்த்தாள், அவர் பேப்பரைப் பார்த்தார். நூலாக விழுகிற தண்ணீரையும் என் கையிலிருந்த ஸ்பேனரையும் அவள் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு சுடிதாரை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"படகு கூடுமா குறையுமா சார்?" என்றாள், பேச்சுவாக்கில்.

குறையும், ஆனால் பெரிதாகும் என்றேன், நட்டைப் பார்த்துக்கொண்டே. இப்போது நாலு நாள் தங்குகிறவன் பத்து நாள் தங்குவான். அப்படியென்றால் ஒரு படகுக்கு எவ்வளவு ஐஸ் ஏறும் என்றாள். எட்டு டன்னாவது ஏறும், அதில் மூன்றில் ஒரு பங்கு ஃபிளேக் கேட்பான், கணவாய்க்கும் இறாலுக்கும் கட்டியை நொறுக்கிப் போட்டால் கீறும், எக்ஸ்போர்ட்காரன் விலையைக் குறைப்பான். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் படகு ஐஸ் பிடிக்கும். கால் திருப்பு. நூல் அறுந்து சொட்டாகிக்கொண்டிருந்தது.

"அப்ப மொத்தம்?"

"அறுபது. நாப்பது கட்டி, இருவது ஃபிளேக்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. ரெஜினா ஃபைலைத் திறந்து தன் தொடைமேல் வைத்துத் தாங்கிக்கொண்டாள். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினேன். அறுபது. முதல் கையெழுத்தில் ஒரு சொட்டு விழுந்து ஓர் எழுத்து கலங்கியது, அவள் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்தாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

"மூணு வருஷமா உங்கள மேல உக்கார வைக்கப் பாத்தேன் சார்," என்றாள், ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டே. "நான் கீழ வந்திருக்கலாம்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவளும் தன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இனிமேல் புதன்கிழமை என்று ஆரம்பித்தேன். அவள் தலையை அசைத்து, கொச்சியில் வீடு பார்த்து முன்பணம் கொடுத்தாயிற்று சார் என்றாள். புதுத் துறையில் இதைக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே நாகர்கோவில் பஸ் பிடிப்பாள், அம்மா காத்திருப்பார்கள், வேனைத் திருப்பி அனுப்பிவிடுவாள். என் போன் டிராயரில் இருக்கிறது, சாவி டிராயரிலேயே இருக்கிறது. கடைசி வரிசை மனைக்கு ஐஸை வண்டியில்தான் ஏற்றிப்போக வேண்டும், அதற்கான கணக்கு ஏழாம் பக்கத்திலிருந்து இருக்கிறது. பிச்சையாவிடம் வாரேன் அண்ணாச்சி என்றாள். நல்லா இரி மக்கா என்றார் அவர். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் சார், கனமில்லை என்று படியேறினாள்.

வேன் கேட்டைத் தாண்டுகிற சத்தம் கேட்கும்வரை பம்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர், எவ்வளவு சொட்ட வேண்டுமோ அவ்வளவு சொட்டியது. இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை. முழங்காலில் கையூன்றி எழுந்தேன், ஸ்பேனரைப் பிச்சையாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்து, பலகையில் அதன் இடத்தில் மாட்டினார். நான் போகாமல் நிற்பதைப் பார்த்து அவரும் உட்காராமல் நின்றார்.

"நாளைக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

கோபமா, கேலியா என்று என் முகத்தைத் தேடினார். இரண்டும் கிடைக்காமல், மெல்லச் சொன்னார்.

"கிரேன் சங்கிலி முதலாளி. லேசா இழுக்குது."